தூணில் இருக்கிறாரா, தூணே அவரா?

எங்கள் சித்தப்பா காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரெண்டு மூணு ஃபார்வர்டு தட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். போன வாரம் வந்தது 'ஸ்பினோசாவின் கடவுள்'. பல மொழிகளில் பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய சரக்குதான். அதில் கடவுளே நம்மிடம் பேசுகிறார். கட்டடம் கட்டி என்னை அதற்குள் அடைக்காதே, நான் மலையிலும் காட்டிலும் கடற்கரையிலும் இருக்கிறேன், போய் சந்தோஷமாக இரு, உன்மேல் எனக்குப் பிரியம் என்கிற ரீதியில் போகும். கீழே சித்தப்பாவின் சொந்தக் குறிப்பு: "நம்ம பெரியவங்க சொன்னதைத்தான் வெள்ளைக்காரனும் சொல்லியிருக்கான். தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார்."

ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "சித்தப்பா, இது ஸ்பினோசா எழுதினதே இல்லை. அவரோட கடவுள் பேசவும் மாட்டார், பதிலுக்குப் பிரியம் வைக்கவும் மாட்டார்" என்று எழுதினேன்.

காபி ஆறுவதற்குள் போன் வந்துவிட்டது.

"ஏம்மா, பேசாது, பிரியம் வைக்காதுன்னா அதுக்கு எதுக்குக் கடவுள்னு பேரு? அந்த ஆளு சாமி இல்லைன்னு சொன்னவரா, எல்லாமே சாமின்னு சொன்னவரா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

350 வருஷமாகப் பெரிய பெரிய மூளைகள் மோதிக்கொண்டிருக்கும் கேள்வியைச் சித்தப்பா ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். போனில் சொல்ல ஆரம்பித்து நடுவில் குழம்பி, "எழுதி அனுப்பறேன்" என்று வைத்துவிட்டேன். அதுதான் இது.

ஆளைப் பற்றி ரெண்டு வார்த்தை. பாருக் ஸ்பினோசா, 1632-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். போர்ச்சுக்கல்லில் இருந்து தப்பி வந்த யூதக் குடும்பம். 23 வயதில், 1656 ஜூலை 27 அன்று, அவருடைய சமூகமே அவரைத் தள்ளிவைத்தது. யாரும் அவரோடு பேசக்கூடாது, நாலு முழத்துக்குள் போகக்கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக்கூடாது. இதில் வேடிக்கை, அன்றைக்கு அவர் ஒரு வரிகூட அச்சில் கொண்டுவந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்தார், வாடகை அறைகளில் இருந்தார், 44 வயதில், 1677 பிப்ரவரியில், ஹேக் நகரில் இறந்தார். அவருடைய முக்கியமான நூலான 'எத்திக்ஸ்' இறந்த பிறகுதான் வந்தது. நண்பர்கள் அச்சடித்தார்கள். முழுப்பெயரைப் போட அப்போதும் தைரியமில்லை, முதலெழுத்துகள் மட்டும்.

அந்த நூலை எடுத்துப் பார்த்தால் சித்தப்பாவுக்குத் தூக்கிவாரிப்போடும். மலையும் காடும் தேடிப் போகிறவர் கையில் கிடைப்பது முக்கோணமும் வட்டமும்தான். பள்ளியில் படித்த ஜியோமிதி மாதிரியே எழுதியிருக்கிறார். வரையறை, தேற்றம், நிரூபணம், அதற்கொரு குறிப்பு. முதல் பாகத்தில் மட்டும் 36 தேற்றங்கள், அத்தனையும் கடவுளைப் பற்றி. நான் முதல்முறை படிக்க உட்கார்ந்தபோது மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சாரத்தை நம் மொழியில் சொன்னால் இப்படி வரும். வேறு எதையும் சாராமல், தன் காலில் தானே நிற்கிற ஒன்றைத்தான் உண்மையான 'பொருள்' என்று சொல்ல முடியும். அப்படிப்பட்டது ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். அதற்குப் பெயர் கடவுள். மற்றதெல்லாம், நீங்கள், நான், இந்த காபி டம்ளர், சனிக்கிரகம், எல்லாம் அந்த ஒன்றின் வெவ்வேறு நிலைகள், பாங்குகள். 15-ஆம் தேற்றத்தில் ஒரே போடாகப் போடுகிறார்: இருப்பது எதுவானாலும் கடவுளில் இருக்கிறது.

இதைப் படித்ததும் பாந்தீயிசம் என்று முத்திரை குத்திவிடத் தோன்றும். எல்லாமே கடவுள் என்கிற கொள்கை. கையில் சாட்சியும் இருக்கிறது. 'கடவுள் அல்லது இயற்கை' என்று லத்தீனில் அவரே எழுதியிருக்கிறார்: தேயுஸ் ஸீவே நாத்தூரா. டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கிற அளவுக்குப் புகழ்பெற்ற மூன்று சொற்கள். ஆனால் கடவுளைப் பற்றிய முதல் பாகத்தில் இந்தத் தொடரைத் தேடினால் அகப்படாது. நான்காம் பாகத்துக்குப் போக வேண்டும், அங்கேயும் போகிற போக்கில்தான் வரும்.

அந்த 'ஸீவே' கொஞ்சம் விஷமம் பிடித்த சொல். காபியா டீயா என்று கேட்கிற 'அல்லது' இல்லை அது. 'அதாவது' என்பதற்குப் பக்கத்தில் வரும். 'நாத்தூரா' அதைவிடச் சிக்கல். நமக்கு இயற்கை என்றால் உடனே குற்றாலமும் கொடைக்கானலும் கண்ணில் வந்துவிடுகிறது. தமிழ்ச் சொல்லையே கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். இயல், இயல்பு, இயற்கை, எல்லாம் ஒரே குடும்பம். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்பது அதன் இயல்பு. ஸ்பினோசா 'நாத்தூரா' என்று எழுதும்போது இந்த இயல்பும் அந்த இயற்கையும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. அவருடைய கடவுளிடமிருந்து உலகம் வருவது, முக்கோணத்தின் இயல்பிலிருந்து 180 பாகை வருவது போல. அங்கே யாரும் யோசித்து முடிவெடுக்கவில்லை. வராமல் இருக்கவும் வழியில்லை.

இன்னொரு அதிர்ஷ்டமும் தமிழுக்கு உண்டு. ஸ்பினோசா இயற்கையை இரண்டு பக்கமாகப் பார்க்கிறார்: நாத்தூரா நாத்தூரான்ஸ், நாத்தூரா நாத்தூராத்தா. ஆங்கிலத்தில் இதை மொழிபெயர்க்கத் திண்டாடுவார்கள். நாம் 'இயற்றும் இயற்கை', 'இயற்றப்பட்ட இயற்கை' என்று சொல்லிவிட்டுப் போகலாம், வேர்ச்சொல்கூடக் கெடாது. முதலாவது அந்த ஒரே பொருளும் அதன் அடிப்படைத் தன்மைகளும். இரண்டாவது அதிலிருந்து பிறக்கிற அத்தனையும்: மலை, காடு, சித்தப்பா, ஃபார்வர்டு. கடவுள் என்று அவர் கைகாட்டுவது முதலாவதை.

சரி, சித்தப்பாவின் தூணுக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை முழு வழக்கும் ஏழாம் வேற்றுமையில் வந்து நிற்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த அதே 'இல்' உருபுதான். 'பானையில் தண்ணீர்' என்கிறோம். 'மாலையில் பூ' என்கிறோம். 'கயிற்றில் முடிச்சு' என்கிறோம். மூன்றிலும் அதே 'இல்', ஆனால் மூன்றும் வேறு வேறு சங்கதி. பானையும் தண்ணீரும் தனித்தனிப் பொருள்கள், ஒன்றுக்குள் இன்னொன்றை ஊற்றலாம், கொட்டலாம். மாலையில் பூ என்பது முழுமைக்குள் பங்கு. பூக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் மாலை என்று ஒன்று மிஞ்சாது. கயிற்றில் இருக்கும் முடிச்சு கயிற்றின் பங்கு கிடையாது, கயிற்றுக்குள் ஊற்றி வைத்ததும் கிடையாது. கயிறு அந்த நேரத்தில் இருக்கிற விதம் அது. முடிச்சு இல்லாத கயிறு இருக்கும். கயிறு இல்லாத முடிச்சைக் காட்டுங்கள் பார்ப்போம்.

தூணிலும் துரும்பிலும் இருப்பார் என்பது பானைக் கணக்கு. தூண் தனியாக நிற்கிறது, அதற்குள் அவர் வந்து நிறைந்திருக்கிறார். எல்லாவற்றையும் கூட்டிப் போட்டால் வருகிற மொத்தத் தொகைதான் கடவுள் என்று சொல்கிற பாந்தீயிசம் மாலைக் கணக்கு. ஸ்பினோசா சொல்வது முடிச்சுக் கணக்கு. தூண் கடவுளில் இருக்கிறது, முடிச்சு கயிற்றில் இருப்பது போல.

மாலைக் கணக்கை அவர் வெளிப்படையாகவே அடைத்துவிடுகிறார். அவருடைய கடவுளைத் துண்டு போட முடியாது என்பது 13-ஆம் தேற்றம். பங்குகள் இல்லாத ஒன்றுக்கு நாம் எப்படிப் பங்காக இருக்க முடியும்? தண்ணீரை உதாரணம் காட்டுகிறார். தண்ணீர் என்ற வகையில் அதைப் பிரிக்கலாம், குடத்தில் பாதி, செம்பில் பாதி. ஆனால் அடியில் இருக்கும் அந்த ஒரே பொருள் என்ற வகையில் அதைப் பிரிப்பது என்ற பேச்சே இல்லை. யிட்ஸாக் மெலமெட் என்கிற இன்றைய ஆய்வாளர் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, பங்கும் முழுமையுமாகப் பார்க்கிற பாந்தீயிசம் ஸ்பினோசாவுக்குப் பொருந்தாது என்று வாதிடுகிறார். எனக்கு அது சரியாகவே படுகிறது.

இன்னொரு தடையும் இருக்கிறது. கடவுளுக்கு எண்ணற்ற தன்மைகள் உண்டு, அதில் மனிதர்களுக்குத் தெரிந்தவை ரெண்டே ரெண்டு என்கிறார்: இடத்தில் பரந்திருத்தல், சிந்தனை. நாம் தொட்டுப் பார்க்கிற பௌதிக உலகம் முழுவதையும் அள்ளிக் கொட்டினாலும் ஒரு தன்மைக்குள்தான் நிற்போம். 1675-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஓல்டன்பர்க் இதைப் பற்றி அவரைக் குடைந்தார். ஊரெல்லாம் நீங்கள் கடவுளையும் இயற்கையையும் போட்டுக் குழப்புவதாகப் பேசுகிறார்களே என்று. ஸ்பினோசாவின் பதில் தெளிவானது: ஏதோ ஒரு ஜடப் பிண்டத்தை இயற்கை என்று எடுத்துக்கொண்டு, அதுவே கடவுள் என்று நான் சொல்வதாக நினைப்பவர்கள் முற்றிலும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதே வருஷம்தான் எத்திக்ஸை அச்சுக்குக் கொடுக்க ஆம்ஸ்டர்டாம் போனார். கடவுள் இல்லை என்று நிரூபிக்கிற புத்தகம் வரப்போகிறது என்ற வதந்தி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. திரும்பிவிட்டார்.

இவ்வளவு சொல்லிவிட்டு, என் கட்சி ஆட்டம் காண்கிற இடத்தையும் சொல்லாவிட்டால் சித்தப்பா கண்டுபிடித்துவிடுவார். நான்காம் பாகத்தின் நான்காம் தேற்றம்: மனிதன் இயற்கையின் பங்காக இல்லாமல் இருக்க முடியாது. பங்கு! அதே சொல். போதாக்குறைக்கு அதன் நிரூபணத்தில் மனிதனின் ஆற்றல் 'கடவுள் அல்லது இயற்கை'யின் எல்லையற்ற ஆற்றலின் ஒரு பங்கு என்று வேறு எழுதுகிறார். அந்தப் புகழ்பெற்ற மூன்று சொற்களும் 'பங்கு'ம் ஒரே மூச்சில் வருகின்றன. 1665-ல் எழுதிய ஒரு கடிதத்தில் ரத்தத்துக்குள் வாழும் புழுவைக் கற்பனை செய்யச் சொல்கிறார். ஒவ்வொரு துளியையும் தனித்தனி முழுமை என்று அது நினைத்துக்கொண்டிருக்குமாம், நாமும் அந்தப் புழுதானாம். இயற்றப்பட்ட இயற்கைக்குள்தான் இந்தப் பங்குக் கணக்கு என்று சொல்லிச் சமாளிக்கலாம். பாதி இடங்களில் அது செல்லும். அந்த நிரூபணத்தில் எனக்கு முழுசாகச் செல்லவில்லை.

இத்தனைக்கும் பாந்தீயிசம் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. அவர் இறந்து 20 வருஷம் கழித்து, 1697-ல், ஜோசப் ராஃப்சன் என்கிற ஆங்கிலேயக் கணிதக்காரர் லத்தீனில் எழுதிய நூலில் அந்தச் சொல் வருகிறது. 1705-ல் ஜான் டோலண்ட் என்கிற எழுத்தாளர் தன்னைப் பாந்தீஸ்ட் என்று சொல்லிக்கொண்டார். யாரோ எப்போதோ தைத்த சட்டையைக் கொண்டுவந்து, இது உங்களுக்குச் சரியாக இருக்கிறதா என்று செத்துப்போனவரிடம் கேட்கிறோம்.

அதே 1697-ல் பியர் பேல் என்கிற பிரெஞ்சுக்காரர் தன் பெரிய அகராதியில் ஸ்பினோசாவைச் சக்கையாகப் பிழிந்தார். எல்லாம் கடவுளின் நிலைகள் என்றால், போர்க்களத்தில் ஒரு படை இன்னொரு படையை வெட்டும்போது கடவுள் தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறாரா என்று கிண்டல். நல்ல கிண்டல். ஒரே கயிற்றில் ஒரு முடிச்சை இழுத்தால் பக்கத்து முடிச்சு இறுகும், அதற்காகக் கயிறு கயிற்றோடு சண்டை போட்டது என்று யாரும் சொல்வதில்லை என்று நான் பதில் சொல்வேன். பேல் சிரித்துவிட்டு, செத்தவன் முடிச்சா மனிதனா என்று கேட்பார். அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை.

மலையும் காடும் கதைக்குள் வந்தது ஜெர்மனியில். 1785-ல் ஃபிரீட்ரிஷ் யாக்கோபி என்கிற தத்துவக்காரர் ஒரு குண்டு போட்டார். நாலு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன பெரிய எழுத்தாளர் லெஸ்ஸிங், சாவதற்குச் சில மாதம் முன்பு தன்னிடம், தான் ஸ்பினோசா பக்கம் என்று ஒப்புக்கொண்டதாக எழுதிவிட்டார். அன்றைக்கு அது நாத்திகன் என்று சொல்வதற்குச் சமம். லெஸ்ஸிங்கின் உயிர்நண்பர் மோசஸ் மெண்டல்சோன் பதறிப்போய் மறுப்பு எழுதினார். கையெழுத்துப் பிரதியைக் கடுங்குளிரில் பதிப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து படுத்தவர் 1786 ஜனவரியில் கண்ணை மூடினார் என்பார்கள். இந்தச் சண்டைக்குப் 'பாந்தீயிசச் சச்சரவு' என்றே பெயர். பலன் நேர்மாறாக முடிந்தது. ஸ்பினோசாவை ஒழிக்கக் கிளம்பிய யாக்கோபி, ஒரு தலைமுறையையே அவரைப் படிக்க வைத்துவிட்டார். கோதே, ஹெர்டர் எல்லாம் கொண்டாடினார்கள். நோவாலிஸ் என்கிற கவி அவரைக் கடவுள் போதையில் திளைத்தவர் என்றார். ஹெகல் ஒரு படி மேலே போய், இந்த ஆளிடம் கடவுள் இல்லாமல் போகவில்லை, உலகம்தான் இல்லாமல் போய்விட்டது என்றார். ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு ஒருவர் நாத்திகன் என்கிறார், ஒருவர் கடவுள் பித்து என்கிறார், ஒருவர் உலகத்தையே காணோம் என்கிறார்! சித்தப்பாவின் ஃபார்வர்டுக்குப் பாட்டன் பூட்டன் யார் என்று தேடினால் அந்த ரொமாண்டிக் தலைமுறையில் கொண்டுபோய் விடும். சூரிய அஸ்தமனமும் அருவியும் அவர்கள் ஸ்பினோசாவுக்குப் போட்ட மாலை.

"நம்ம அத்வைதம்தானே இது" என்று சித்தப்பா அடுத்து கேட்பார், தெரியும். மாக்ஸ் முல்லரும் 1894-ல் வேதாந்தம் பற்றிய சொற்பொழிவுகளில் பிரம்மமும் ஸ்பினோசாவின் பொருளும் ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறார். ஒன்றே ஒன்று என்பது வரைக்கும் ஒத்துப்போகும். அப்புறம் பாதை பிரிகிறது. இருட்டில் கயிற்றைப் பாம்பு என்று மயங்குகிறோம், ஞானம் வந்தால் கயிறு தெரியும், பாம்பு மறையும் என்பது அத்வைதத்தின் கயிறு. ஸ்பினோசாவின் கயிற்றில் எவ்வளவு ஞானம் வந்தாலும் முடிச்சு மறையாது. இன்னும் துல்லியமாகத் தெரியும், எப்படி இறுகியது என்று புரியும், அவ்வளவுதான். உலகம் அவருக்கு மயக்கம் இல்லை. இடத்தில் பரந்திருப்பதே கடவுளின் தன்மை என்கிறவர் பௌதிகத்தை எப்படித் தள்ளுவார்?

இன்னொரு சட்டையும் கடையில் இருக்கிறது: பானென்தீயிசம். எல்லாம் கடவுளுக்குள், ஆனால் கடவுள் எல்லாவற்றையும் தாண்டியும் இருக்கிறார் என்பது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கார்ல் கிரவுசே தைத்தது. 'எல்லாம் கடவுளுக்குள்' வரைக்கும் ஸ்பினோசாவுக்குக் கச்சிதம். 'தாண்டியும்' என்ற கை மட்டும் நீளம். தாண்டிப் போய் நின்று நம்மைக் கருணையோடு பார்க்கிற யாரும் அவரிடம் கிடையாது. இயற்கைக்கு வெளியே என்று ஒரு இடமே கிடையாது. எல்லாம் சேர்ந்து கடவுளா என்று கேட்டால் இல்லை என்பேன், எல்லாம் கடவுளிலா என்று கேட்டால் ஆமாம் என்பேன். அதற்குமேல் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்றால் எனக்கு ஆர்வம் குறைந்துவிடுகிறது.

ஸ்டீவன் நாட்லர் என்கிற அமெரிக்கப் பேராசிரியர், ஸ்பினோசாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர், சண்டையை வேறு பக்கம் திருப்புகிறார். பாந்தீஸ்ட் என்றால் இயற்கையின் முன் பயபக்தியோடு நிற்க வேண்டும், ஸ்பினோசா நிற்கச் சொல்லவில்லை, புரிந்துகொள்ளச் சொன்னார், ஆகவே நாத்திகர் என்பது அவர் வாதம். பயத்தையும் வேண்டுதலையும் ஸ்பினோசா அடித்து நொறுக்குகிறார் என்பது உண்மைதான். கடவுளை நேசிக்கிறவன், கடவுள் தன்னைத் திருப்பி நேசிக்க வேண்டும் என்று முயலவே முடியாது என்பது ஐந்தாம் பாகத்தின் ஒரு தேற்றம். ஆனால் அதே ஐந்தாம் பாகத்தில், 17 தேற்றம் தள்ளி, கடவுள்மீது அறிவு கொள்ளும் அன்பும் கடவுள் தன்மீதே கொள்ளும் அன்பும் ஒன்றேதான் என்று எழுதுகிறார். வெறும் நாத்திகத்துக்கு இந்த வரி எதற்கு? நாட்லர் சொல்வதில் பாதியை வாங்கிக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

கடவுள் பேசுவாரா என்பதற்கும் ஸ்பினோசாவிடமே பதில் உண்டு. 1674-ல் ஹ்யூகோ பாக்ஸல் என்கிற ஒருவர், பேய் இருக்கிறதா என்று அவருக்குக் கடிதம் எழுதி, அது வளர்ந்து கடவுள்வரை போயிற்று. முக்கோணத்துக்கு வாய் இருந்தால் கடவுளும் முக்கோணமாகத்தான் இருப்பார் என்று சொல்லும் என்று பதில் எழுதினார். நம்மைப் போலவே யோசிக்கிற, கோபப்படுகிற, பிரியம் வைக்கிற கடவுள் அந்த முக்கோணம் வரைந்த படம்தான்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். சித்தப்பா படித்தாரா என்று சந்தேகம், மாலையில்தான் நீல டிக் விழுந்தது. முதல் கேள்வி: "இவ்வளவு பேசினவர் வீட்டுல சாமி கும்பிட்டாரா?"

கும்பிட்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஹேக்கில் அவர் குடியிருந்த வீட்டுக்கார அம்மா ஒருமுறை, என் மதத்திலேயே இருந்தால் எனக்குக் கதி உண்டா என்று அவரிடம் கேட்டிருக்கிறார். உங்கள் மதம் நல்லது, வேறொன்றைத் தேட வேண்டாம், அமைதியாகவும் பக்தியாகவும் வாழ்ந்தால் போதும் என்று சொன்னாராம். அவருக்குப் பின்னால் அந்தப் பக்கத்துக்கு வந்த லூத்தரன் பாதிரி கொலேருஸ், ஸ்பினோசாவின் கொள்கையைக் கொஞ்சமும் பிடிக்காதவர், விசாரித்து எழுதி வைத்தது இது. இதையும் அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் வந்தது:

"சரி, முடிச்சு முடிச்சுங்கிறியே. அந்த முடிச்சைப் போட்டது யாரு?"

"யாரும் போடலை சித்தப்பா. கயிறு தானா முடிஞ்சுக்குது. முடிஞ்சுக்காம அதால இருக்கவும் முடியாது."

'டைப்பிங்' என்று வந்தது, போனது, மறுபடி வந்தது. ரொம்ப நேரம். கடைசியில் வந்தது ஒரே எழுத்து.

"ம்."